இரவல் குரலும் சொந்தக் கைகளும்: செவித்திறனற்ற நடிகையர் குறித்து வட சிலாங்கூரிலிருந்து ஒரு பார்வை

செவித்திறனற்ற ஒரு பெண் திரைப்படத்தில் நடிப்பதும், அவர் தம்மைப் போன்றோரின் உரிமைக்காக வாதாடுவதும் வேறு வேறு செயல்கள். முன்னதை ஒரு தொழில்துறை தன் வசதிக்கேற்ப அனுமதித்துவிடக்கூடும், பின்னதற்கு அவருடைய செவித்திறனின்மை கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். தமிழ்த் திரையுலகமும் அமெரிக்க, பிரெஞ்சு அரங்குகளும் இவ்விடத்தில் எதிரெதிர்த் திசைகளில் சென்றிருக்கின்றன. அந்த வேறுபாட்டை எடைபோட, தமிழ்ப் படங்களைப் பார்ப்போராக மட்டுமே இருந்துவரும், மலேசியாவின் வட சிலாங்கூரிலுள்ள கோலா சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் ஆகிய தோட்டப்புறங்களின் இடத்திலிருந்து நோக்குவது பயன்தரும். ஏனெனில் அங்கே வளரும் செவித்திறனற்ற தமிழ்க் குழந்தைக்கு வீடு ஒரு மொழியிலும் பள்ளி இன்னொரு மொழியிலும் அமைந்துவிடுகின்றன.

தமிழில் முதலில் குறிப்பிட வேண்டியவர் அபிநயா. பிறவியிலேயே கேட்கும் திறனும் பேசும் திறனும் இல்லாத இவர், சமுத்திரக்கனி இயக்கி 2009இல் வெளிவந்த ‘நாடோடிகள்’ படத்தில் நாயகனின் தங்கையாக அறிமுகமானார். அப்பாத்திரத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதைப் பெற்றார். அப்படத்தின் தெலுங்கு மறுஆக்கமான ‘சம்போ சிவ சம்போ’விலும் (2010) கன்னட மறுஆக்கமான ‘ஹுடுகரு’விலும் (2011) அதே பாத்திரத்தை ஏற்றார். ‘ஈசன்’, ‘ஏழாம் அறிவு’, ‘தனி ஒருவன்’, ‘குற்றம் 23’, ‘மார்க் ஆண்டனி’ என்று தொடர்ந்த அவருடைய திரைவாழ்க்கை, 2024இல் ஜோஜு ஜார்ஜ் இயக்கிய ‘பணி’ என்ற மலையாளப் படத்தின் நாயகி வேடம்வரை வந்திருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக நான்கு தென்னிந்திய மொழிகளிலும் ஒரு நடிகை இடம்பிடித்திருப்பதே அரிது. கேட்கும் திறனின்றி அதைச் செய்தவர் வேறொருவரைத் தென்னிந்தியாவில் காட்டுவது கடினம்.

ஆனால் ‘நாடோடிகள்’ படத்தில் அவர் ஏற்றது செவித்திறனற்ற பெண்ணின் வேடமன்று. கேட்கவும் பேசவும் தெரிந்த, குறும்பும் துடிப்பும் உள்ள ஒரு பெண்ணின் வேடம். வசனத்துக்கேற்ப அவர் உதடசைக்க, வேறொருவரின் குரல் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. உதட்டசைவு வாசிப்பு என்பது பேசுபவரின் வாய், தாடை, முகத்தசை ஆகியவற்றின் இயக்கத்தைக் கண்ணால் கண்டு சொல்லை ஊகித்தறியும் திறன். பல ஒலிகள் உதட்டில் ஒரே வடிவம் கொள்வதால், தேர்ந்தவர்க்கும் அதில் பாதி ஊகமாகவே இருக்கும். தமிழில் பகரமும் மகரமும் இதழ் மூடியே பிறப்பதால், ‘பட்டம்’, ‘மட்டம்’ என்ற இரண்டும் கண்ணுக்கு ஒன்றேபோல் தோன்றும். இத்தனை இடருக்கிடையே, எதிரே நிற்பவர் பேசி முடிக்கும் கணத்தைப் பார்வையால் மட்டும் உணர்ந்து, தம் வசனத்தின் நீளத்தைத் தசையின் நினைவில் தேக்கிக்கொண்டு, முகபாவம் கலையாமல் அதை வெளிப்படுத்துவது எத்தகைய உழைப்பு என்பதை நடிப்புப் பயிற்சி பெற்றோர் அறிவர்.

இத்தகைய வாய்ப்பு தமிழில் அமைந்ததற்குக் காரணம் கருணையன்று, ஒரு தொழில் வழக்கம். தமிழ் அறியாத நாயகியரைப் பிற மாநிலங்களிலிருந்து அழைத்துவந்து, பின்னணிக் குரற்கலைஞர்களைக் கொண்டு பேசவைப்பது பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. நாயகியின் உடலும் குரலும் ஒருவருடையனவாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இங்கு வலுவாக இல்லை. படப்பிடிப்பிலேயே குரலையும் பதிவுசெய்யும் அமெரிக்கத் திரைப்படத்தில் செவித்திறனற்றவர் செவித்திறனற்ற பாத்திரங்களையே எதிர்பார்த்துக் காத்திருக்க நேர்ந்தபோது, இரவல் குரலுக்குப் பழகிய தமிழ்த்திரை, தான் அறியாமலேயே, எந்தப் பாத்திரத்தையும் அவர் ஏற்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது. அதற்கு ஈடாக அது கேட்டது அவருடைய கைகளை. சைகைமொழி, அதாவது கைகளின் வடிவம், இடம், அசைவு, முகக்குறிப்பு ஆகியவற்றால் தனக்கென இலக்கணம் கொண்டு இயங்கும் முழுமையான மொழி, அவருக்குப் புகழ் சேர்த்த அவ்வேடத்தில் வெளிப்படவே இடமில்லை. குறை தெரியவேயில்லை என்பதே அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டாக அமைந்தது. அது உண்மையான பாராட்டுத்தான் என்றாலும், வாதாடுவோர்க்கு உதவாத பாராட்டு.

செவித்திறனற்ற பாத்திரங்களோ கேட்கும் திறனுள்ளோர் வசமே இருந்தன. குல்சாரின் ‘கோஷிஷ்’ (1972) தமிழில் ‘உயர்ந்தவர்கள்’ (1977) ஆனபோது கமல்ஹாசனும் சுஜாதாவும் அத்தம்பதியராக நடித்தனர். ராதாமோகனின் ‘மொழி’யில் (2007) ஜோதிகா அர்ச்சனாவானார். ‘மொழி’ மதிப்புக்குரிய படம். இரக்கத்தை வேண்டாத, தன்மானமும் சினமும் உள்ள ஒரு பெண்ணை அது தமிழ்ப் பார்வையாளருக்குக் காட்டியது. எனினும் கேட்பவர் கேளாதவராக நடித்த ‘மொழி’யும் கேளாதவர் கேட்பவராக நடித்த ‘நாடோடிகளும்’ இரண்டே ஆண்டு இடைவெளியில் வெளிவந்திருந்தும், இந்தத் தலைகீழ் நிலை பற்றித் தமிழ்த் திரை விமரிசனம் பெரிதாகக் கவலைப்படவில்லை.

மறுதிசையில் நிற்பவர் மார்லி மாட்லின். இல்லினாய் மாநிலத்தில் 1965இல் பிறந்து, பதினெட்டாம் மாதத்தில் கேட்கும் திறனை இழந்த இவர், ‘சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்’ (1986) படத்தில், பேச மறுத்துச் சைகையிலேயே வாழத் துணியும் பெண்ணாக நடித்து, 1987 மார்ச்சில், தம் 21ஆம் வயதில், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். அப்படத்துக்கு மூலமான நாடகம் ஃபிலிஸ் ஃப்ரெலிக் என்ற செவித்திறனற்ற நடிகைக்காகவே மார்க் மெடாஃப் எழுதியது. ஃப்ரெலிக் அதற்காக 1980இல் டோனி விருது பெற்றவர். மறு ஆண்டு ஆஸ்கர் மேடையில் மாட்லின் தம் சொந்தக் குரலில் பெயர்களைப் படித்தபோது, சைகைமொழியைத் தாழ்த்திவிட்டார் என்று செவித்திறனற்றோரிலேயே பலர் அவரைக் கடிந்துகொண்டனர். ஒரு சமூகத்தின் அடையாளமாக ஆகிவிட்டவருக்கு வாய் திறப்பதும் அரசியலாகிவிடும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. அபிநயாவுக்கு அத்தகைய சுமை ஏற்பட்டதில்லை, அத்தகைய அதிகாரமும் கிட்டியதில்லை. தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குள்ளேயே எழுத்தோட்டம் காட்டும் கருவியைப் பொருத்த வேண்டும் என்ற 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்காக வாதாடியோரில் மாட்லினும் ஒருவர். ‘கோடா’ (2021) படத்தில் தமக்குக் கணவராக வரும் பாத்திரத்துக்குக் கேட்கும் திறனுள்ள நடிகரை அமர்த்தினால் தாம் விலகிவிடுவதாக அவர் உறுதியாக நின்றார். அப்பாத்திரத்தில் நடித்த டிராய் காட்சர் 2022இல் ஆஸ்கர் பெற்றார். பிரான்ஸில் எம்மானுவேல் லபோரி அதே நாடகத்தின் பிரெஞ்சு வடிவத்துக்காக 1993இல் மோலியேர் விருது பெற்று, பின்னர்ப் பாரிஸில் சைகைமொழி அரங்கு ஒன்றையே தலைமையேற்று நடத்தினார்.

இவ்விரு திசைகளுள் வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தை எட்டியது எது? மலேசியாவில் வணிக நோக்கிலான முதல் செம்பனை நடவு 1917இல் நிகழ்ந்த தென்னமரம் தோட்டம் இவ்வட்டாரத்தில்தான் இருக்கிறது. பால்மரமாயினும் செம்பனையாயினும், தோட்ட வாழ்வின் ஒழுங்கு ஒலியால் கட்டப்பட்டது: விடியலில் மணியோசை, பிரட்டுக்களத்தில் பெயர் அழைப்பு, கங்காணியின் அதட்டல். அவ்வொழுங்கில் கேளாத குழந்தைக்கு லயத்து வீட்டுக்குள் உருவாகும் ‘வீட்டுச் சைகை’யே, அதாவது ஒரு குடும்பத்துக்குள் மட்டும் விளங்கும் தற்காலிகக் குறிகளே, பள்ளிக்குச் செல்லும்வரை துணை. பள்ளியோ தொலைவு. செவித்திறனற்றோருக்காக 1954இல் பினாங்கில் தொடங்கப்பட்ட கூட்டரசுப் பள்ளி, பேச்சுப் பயிற்சியை மட்டுமே ஏற்கும் முறையில் நடந்தது. மாணவர்கள் வகுப்புக்கு வெளியே, விடுதியில், தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட சைகைகள் பினாங்கு சைகைமொழியாயின. சிலாங்கூர் சைகைமொழி அல்லது கோலாலம்பூர் சைகைமொழி என்று மொழியியலாளர் பட்டியலிடும் இன்னொரு மொழியும் உண்டு. 1970களில் வந்த அமெரிக்கச் சைகைமொழியின் தாக்கமும் பின்னர்ச் சேர, இன்றைய மலேசியச் சைகைமொழி உருவானது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது 685ஆம் சட்டம், அதையே மலேசியச் செவித்திறனற்றோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்கிறது. பள்ளிகளில் இதனோடு வழங்கும் கைக்குறி முறை வேறு. அது மலாய் வாக்கியத்தை முன்னொட்டு பின்னொட்டு சிதையாமல் கைக்குறிகளால் காட்டுவது, தனி மொழியன்று.

இப்பள்ளிகளின் எழுத்துமொழி மலாய். ஆகவே தோட்டத்துத் தமிழ்க் குழந்தை சைகையைக் கற்கும்போது மலாய் எழுத்தையே கற்கிறது. பெற்றோர் பேசும் தமிழ் அதன் காதுக்கும் எட்டவில்லை, கண்ணுக்கும் எட்டவில்லை. இங்கே ஒரு விந்தை நிகழ்கிறது. மலேசியத் திரையரங்குகளில் தமிழ்ப் படங்கள் மலாய் எழுத்தோட்டத்துடன் ஓடுகின்றன. பிற இனத்தாருக்காக இடப்பட்ட அவ்வெழுத்தே, மலாய் வாசிக்கத் தெரிந்த செவித்திறனற்ற தமிழருக்குத் தம் வீட்டாருடன் சேர்ந்து படம் பார்க்கும் வழியாகிறது. ‘நாடோடிகள்’ படத்தில் அபிநயா ‘பேசுவதை’ அவ்வழியே படிக்கும் பார்வையாளர், தாம் காண்பவர் தம்மைப் போன்றவர் என்பதைத் திரையிலிருந்து அறியவே முடியாது. செய்தித்தாளோ உறவினரோ சொன்னால்தான் உண்டு. பேசாப் படக் காலத்தில் கேட்போரும் கேளாதோரும் ஒரே எழுத்தட்டையைப் படித்தனர். கிரான்வில் ரெட்மண்ட் என்ற செவித்திறனற்ற ஓவியர் சாப்ளினின் படங்களில் நடித்ததும் உண்டு. 1927க்குப் பின் பேசும் படம் பறித்த அச்சமநிலையை, தமிழ்ப் பார்வையாளருக்கு ஓரளவேனும் மலாய் எழுத்து மீட்டுத் தந்திருப்பது தமிழ்த் தொழில்துறை பெருமைப்படத்தக்க செய்தியன்று.

உரிமை வாதத்தின் நிலையும் இதனோடு சேர்த்தே கருதத்தக்கது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்து அன்றாடச் செய்தியாளர் கூட்டங்களில் திரையின் மூலையில் சைகைமொழிபெயர்ப்பாளர் தோன்றியபோது, தோட்டப்புறக் குடும்பங்கள் பலவும் அம்மொழியை வீட்டுத் திரையில் நாள்தோறும் காணும் நிலை ஏற்பட்டது. ஆயினும் அது மலாய்ச் செய்தியின் பகுதியாகவே வந்தது. 685ஆம் சட்டமோ உரிமைகளைக் கூறுகிறதேயன்றி, மீறுவோர்க்குத் தண்டனை வகுக்கவில்லை. அதன் 41ஆம் பிரிவு அரசின்மீது வழக்குத் தொடுப்பதையும் தடுக்கிறது. இத்தகைய சட்டத்துக்குள் வாதாட, பலரும் அறிந்த முகம் வேண்டும், அம்முகத்தோடு அம்மொழியும் வேண்டும். அபிநயாவின் திறமை அம்முகத்தைத் தந்திருக்கிறது. அவர் பணியாற்றிய துறை அம்மொழியை அவரிடமிருந்து கேட்கவில்லை. மலேசியாவிலேயே தமிழ் நாடகங்களும் படங்களும் எடுப்போர், அடுத்த தயாரிப்பிலேனும் தமிழ் எழுத்தோட்டத்தையும் சேர்த்து, செவித்திறனற்ற பாத்திரம் வருமானால் மலேசியச் சைகைமொழி அறிந்த செவித்திறனற்ற தமிழரையே அதற்கு அழைக்க வேண்டும்.