அமர்வுக் காலாவதி: பூட்ட வேண்டியது கதவை, அழிப்பது ஏன் எழுத்தை?

இணையத்தில் ஒரு கணக்கில் புகுபதிந்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தால், அக்கணக்கு தானாக மூடிக்கொள்கிறது. இதை அமர்வுக் காலாவதி என்கிறோம். வங்கி, வரி, தேர்வு விண்ணப்பம், உதவித்தொகை என்று எல்லா வகை வலைச் செயலிகளிலும் இது உண்டு. திறந்து கிடக்கும் கணக்கைப் பிறர் பயன்படுத்தாமல் காப்பது இதன் நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் இதைப் பல தளங்கள் நடைமுறைப்படுத்தும் விதத்தில், அயலாருக்கு வைத்த தடை கணக்குக்கு உரியவரின் உழைப்பை அழித்துவிடுகிறது.

எண்கள் எங்கிருந்து வந்தன?

வலைத்தளங்கள் இயங்கும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையையும் யாரோ புதியவர் கேட்டதாகவே வழங்கி எடுத்துக்கொள்ளும். இக்குறையைத் தீர்க்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி ‘குக்கி’ என்னும் முறையை உருவாக்கினார். புகுபதிந்தவருக்கு வழங்கி ஓர் அடையாள எண் தருகிறது. கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கனைப் போல, உலாவி ஒவ்வொரு முறையும் அதைக் காட்டி உள்ளே செல்கிறது. அந்த டோக்கன் செல்லும் காலமே அமர்வு.

அக்காலம் எவ்வளவு? பி.எச்.பி. மொழியில் இயல்பாக அமைந்திருப்பது 1,440 நொடி, அதாவது 24 நிமிடம். ஏ.எஸ்.பி. நெட்டில் 20 நிமிடம், டாம்கேட் வழங்கியில் 30 நிமிடம். தளத்தை அமைப்பவர் மாற்றாவிட்டால் இவையே நிலைத்துவிடும். நான்கு பக்கப் படிவத்தை ஒருவர் நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்று பார்த்து வைத்த எண்கள் அல்ல இவை.

தட்டச்சு செய்பவர் ‘சும்மா இருப்பவர்’ ஆகும் விந்தை

பயனர் என்ன செய்கிறார் என்பது வழங்கிக்குத் தெரியாது. அவரிடமிருந்து கோரிக்கை வருகிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தும்வரை, தட்டச்சு செய்வது முழுவதும் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. ஆகவே ஒருவர் அரை மணி நேரம் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாலும், வழங்கியின் கணக்கில் அவர் எழுந்து போனவர்தான். வேகமாக எழுதுபவருக்கு இதனால் கேடில்லை. சான்றிதழைத் தேடி எடுத்து எண்களைச் சரிபார்ப்பவர், ஒற்றை விரலால் தட்டுபவர், பார்வைக் குறைபாடு உள்ளவர் ஆகியோர்தாம் மாட்டிக்கொள்கிறார்கள். பொறுமையாகச் செய்பவருக்கே இழப்பு மிகுதி என்பது தலைகீழ் நீதி.

எச்சரிக்கையின் மொழி

எச்சரிக்கை இல்லாத தளங்கள் ஒருபுறம் இருக்கட்டும். எச்சரிக்கும் தளங்களும் ‘உங்கள் அமர்வு காலாவதியாக உள்ளது’ என்பது போன்ற வாசகத்தையே காட்டுகின்றன. பொதுவாசகருக்கு அமர்வு என்றால் மாநாட்டு அமர்வு அல்லது நீதிமன்ற அமர்வு. காலாவதி என்றால் மருந்துப் பட்டையில் இருக்கும் தேதி. இரண்டும் சேர்ந்தால் விண்ணப்பத்தின் கடைசி நாளே முடிந்துவிட்டது என்று அவர் பதறுவதில் வியப்பில்லை.

நல்ல எச்சரிக்கை மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: என்ன நடக்கப்போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எழுதியது என்ன ஆகும். ‘பாதுகாப்புக்காக இன்னும் 2 நிமிடத்தில் கணக்கு மூடப்படும். நீங்கள் எழுதியவை சேமிக்கப்பட்டுள்ளன. தொடர வேண்டுமா?’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். அது திரையின் மூலையில் தோன்றினால் போதாது. திரைவாசிப்பானின் காதுக்கும் எட்டும்படி நிரலில் குறித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பார்வையற்றவருக்கு எச்சரிக்கை வந்ததே தெரியாது.

நெறிமுறையிலேயே ஒரு குறை

வலை அணுகல்தன்மைக்கு உலக அளவில் பின்பற்றப்படுவது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் நெறிமுறைத் தொகுப்பு. 2008இல் வந்த அதன் 2.0 பதிப்பில் 2.2.1ஆம் விதி காலவரம்பைப் பற்றியது. வரம்பை நீக்கவோ மாற்றவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும். அல்லது, முடியுமுன் எச்சரித்து, எளிய செயல் ஒன்றால் நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி தர வேண்டும். பத்து முறையாவது நீட்டிக்க அனுமதிக்க வேண்டும். இது ‘ஏ’ என்னும் அடிப்படை நிலை.

மீண்டும் புகுபதிந்தபின் இழப்பின்றித் தொடர முடிய வேண்டும் என்பது 2.2.5ஆம் விதி. எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் தரவு போகும் என்று பயனருக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தரவை 20 மணி நேரத்துக்கு மேல் காத்துவைக்க வேண்டும் என்பது 2018இல் சேர்ந்த 2.2.6ஆம் விதி. இவ்விரண்டும் ‘ஏஏஏ’ என்னும் உச்ச நிலையில் வைக்கப்பட்டுள்ளன. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுதலின் மூன்றாம் பதிப்போ ‘ஏஏ’ நிலையோடு நின்றுவிடுகிறது. விளைவாக, மணி அடிப்பது கட்டாயம், விடைத்தாளைப் பாதுகாப்பது விருப்பம் என்றாகிவிட்டது. அந்த 20 நொடியும் எச்சரிக்கையைப் படித்து, புரிந்து, பொத்தானைத் தேடும் முதியவருக்குப் போதுமா என்பது ஐயமே.

ஒரு முழுத் தளமும் ‘ஏஏஏ’ நிலையை எட்ட வேண்டும் என்று பொதுவாக விதிக்க வேண்டாம் என்று நெறிமுறையை வகுத்தவர்களே சொல்கிறார்கள். சில வகை உள்ளடக்கங்களில் அது இயலாது என்பது உண்மை. ஆனால் எழுதியதைச் சேமித்து வைப்பது அப்படி இயலாத செயல் அன்று. அடிப்படை நிலைக்கு இறக்க வேண்டிய விதி இது.

பாதுகாப்பு என்னும் மறுப்பு

காலவரம்பை நீட்டினால் ஆபத்து என்பார்கள். அதில் உண்மை உண்டு. கடையிலோ நூலகத்திலோ உள்ள பொதுக் கணினியில் வெளியேற மறந்தவரின் கணக்கு அடுத்தவர் கைக்குப் போகும். அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இடைநிலைப் பாதுகாப்பு தேவைப்படும் கணக்குகளில் 30 நிமிடச் செயலின்மைக்குப் பிறகு மீண்டும் அடையாளம் கேட்கச் சொன்னது. ஆனால் அது கேட்கச் சொன்னது அடையாளத்தை மட்டுமே. எழுதியதை எறியச் சொல்லவில்லை.

தேர்வறையை நினைத்துப் பார்க்கலாம். நேரம் முடியுமுன் எச்சரிக்கை மணி அடிக்கும். முடிந்ததும் விடைத்தாளை வாங்கி வைப்பார்களே தவிர, யாரும் கிழித்துப் போடுவதில்லை. மாற்றுத்திறனாளி மாணவருக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று நம் நாட்டு விதிகளும் ஏற்றுக்கொண்டுள்ளன. தேர்வுக்கே கிடைக்கும் இந்தச் சலுகை, முகவரி மாற்றும் படிவத்துக்குக் கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியது கடினமானதும் அன்று. ஒரு பகுதி நிரம்பியதும் வரைவாக வழங்கியில் சேமிக்க வேண்டும். பொதுக் கணினியின் உலாவியில் சேமித்தால் அடுத்தவர் கண்ணில் படும். எனவே பயனரின் கணக்கோடு இணைத்து வைப்பதே முறை. கணக்கு மூடும்போது திரையில் உள்ளதை மறைக்க வேண்டும். உரியவர் கடவுச்சொல்லோடு திரும்பி வந்தால், விட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

ஒரு தளத்தைத் திறந்து வைக்குமுன் அதைக் கட்டியவர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும். திரும்பி வந்து புகுபதியும்போது அந்தப் பாதி இருந்தால் தளம் மக்கள் பயன்பாட்டுக்குத் தயார். இல்லையென்றால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.