தோற்கும் அணியின் ரசிகன்

ரசிகன் என்ற சொல்லை நாம் வசைச் சொல்லாக்கி வெகு காலமாகிறது. இந்தக் காரியத்தில் சிறுபத்திரிகைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தப்பில்லை. ரசிகமணி மரபின் 'ஆஹா'க்களிலிருந்தும், கொட்டகை வாசலில் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனிடமிருந்தும் விமர்சனத்தைப் பிரித்தெடுக்க வேண்டிய அவசியம் அன்று இருந்தது. 'மதிப்பீடு' என்ற சொல் அப்படித்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. ரசிகன் மயங்கிக் கிடப்பவன், விமர்சகன் விழித்திருப்பவன் என்ற இந்தப் பாகுபாட்டை நானும் பல வருஷங்களாகச் சொல்லி வந்தவன்தான். இப்போது அதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சந்தேகத்தைக் கிளப்பியது எந்தக் கவிஞரும் அல்ல. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டெர்பி என்ற ஊரில் உள்ள ஒரு கால்பந்து அணி. நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டெர்பி கவுண்டி 1884இல் தோன்றிய கிளப். 1972இலும் 1975இலும் இங்கிலாந்தின் முதல் டிவிஷன் சாம்பியன். பிறகு சரிவு, கொஞ்சம் ஏற்றம், மறுபடி சரிவு. 2007 மே மாதம் வெம்ப்ளியில் ஒரே ஒரு கோல் போட்டு வெஸ்ட் பிராம்விச்சை ஜெயித்து பிரீமியர் லீகுக்குள் நுழைந்தார்கள். அடுத்த மே மாதத்திற்குள் நடந்தது இது: 38 ஆட்டங்கள், 1 வெற்றி, 8 சமன், 29 தோல்வி. போட்ட கோல்கள் 20, வாங்கியவை 89. மொத்தம் 11 புள்ளிகள். பிரீமியர் லீகில் அதற்குமுன் எந்த அணியும் இவ்வளவு குறைந்த புள்ளிகளோடு முடித்ததில்லை. வரவுக்கும் செலவுக்கும் 69 வித்தியாசம். என் கவுண்டரில் 69 ரூபாய் இடித்தாலே டாலி ஆகும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

அப்போது நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் ஒரே ஒரு டி.வி. சனி, ஞாயிறு மாலைகளில் இங்கிலாந்துக் கால்பந்து வரும். எந்த ஆட்டத்தைக் காட்டுவார்கள் என்பதில் ஒரு நியதி உண்டு. மான்செஸ்டர் யுனைடெட், ஆர்செனல், செல்சி, லிவர்பூல் ஆகியவை ஆடும் ஆட்டங்களே பெரும்பாலும் நம் திரைக்கு வரும். ஆகவே டெர்பியை நான் பார்த்ததெல்லாம் இவர்களிடம் உதைபடும் வேளைகளில்தான். சினிமாச் சண்டையில் மேஜைமேல் விழுந்து மேஜையை உடைத்துக்கொண்டு எழுந்திருப்பானே ஒருவன், அவன் முகத்தை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. டெர்பி அந்த ஆள். லிவர்பூல் ஆறு போட்டது, ஆர்செனல் ஐந்து போட்டது. அறையில் எல்லோரும் ஆர்செனல் கட்சி. நான் மட்டும் மேஜைமேல் விழுந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரிந்திராது.

அந்த ஒரு வெற்றி 2007 செப்டம்பர் 17 அன்று. திங்கட்கிழமை இரவு ஆட்டம்; நமக்கு நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை மணி. எதிரி நியூகாசில். புதிதாக வந்து சேர்ந்த கென்னி மில்லர் தன் முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல் போட்டார், அதுவே போதுமானதாயிற்று. நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை தேர்வு, தூங்கிவிட்டேன். பரவாயில்லை, அடுத்த வெற்றியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்த சீசனில் லீகில் அடுத்த வெற்றி வரவேயில்லை. நவம்பர் முடியும் முன் மேனேஜர் பில்லி டேவிஸ் போனார், பால் ஜுவல் வந்தார்; மீதியிருந்த 24 ஆட்டங்களில் அவருக்கும் ஒரு வெற்றி கிட்டவில்லை.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு தொடங்குகிறது. 2008 மார்ச் 29 அன்று ஃபுல்ஹாமுடன் இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்ததோடு டெர்பி கீழே இறங்குவது உறுதியாகிவிட்டது. இன்னும் ஆறு ஆட்டங்கள் பாக்கி. இனி ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றே. அந்த ஆறிலும் தோற்றார்கள். அவற்றில் மூன்று சொந்த மைதானமான பிரைட் பார்க்கில்: வில்லாவிடம் 6–0, ஆர்செனலிடம் 6–2, ரெடிங்கிடம் 4–0. சொந்த ஊரில் மூன்று மாலைகளில் பதினாறு வாங்கி இரண்டு போட்டிருக்கிறார்கள். இருக்கைகள் ஏறக்குறைய நிரம்பியே இருந்தன. அந்த வருஷம் முழுக்க அங்கே ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 32 ஆயிரம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள்.

இவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள்? சீசன் டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, அதனால் வந்தார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். வங்கி ஊழியனிடம் இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வான் என்ற எண்ணம் போலும். பணம் கட்டிய சந்தாதாரர்களில் எத்தனை பேர் இந்தப் பத்திரிகையைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

தோல்விக்கு இலக்கியத்தில் இடம் இருக்கிறது என்று பொதுவாக நம்புகிறோம். யோசித்தால், இடம் இருப்பது வீழ்ச்சிக்கு. அரிஸ்டாட்டிலுக்கு ஒரு உயரம் வேண்டும், ஒரு பிழை வேண்டும், ஒரு திருப்பம் வேண்டும். நம் புறத்திணையில் வென்றவனுக்கு வாகை இருக்கிறது. தோற்றவன் சூட ஒரு பூ இல்லை. வெண்ணியில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்ட சேரமான் வடக்கிருந்து உயிர் விட்டான். அங்கே தோல்வி ஒரே தடவைதான் நிகழ முடியும், பிறகு மிச்சமிருப்பது மரணமும் பாட்டும். டெர்பிக்கோ அடுத்த சனிக்கிழமை இருக்கிறது. அதற்கடுத்த சனிக்கிழமையும் இருக்கிறது. இப்படித் திரும்பத் திரும்ப, சிறிய அளவில், யாரும் சாகாமல் நிகழும் தோல்விக்கு உருவம் தருவது எப்படி என்பது எழுத்தாளனுக்கு ஒரு நிஜமான பிரச்சினை.

விளையாட்டு ரசிகனைப் பற்றி ஆங்கிலத்தில் பேர் பெற்ற இரண்டு புத்தகங்களும் இந்தப் பிரச்சினையைத் தாண்டிப் போய்விடுகின்றன. நிக் ஹார்ன்பியின் 'ஃபீவர் பிட்ச்' (1992) ஆர்செனல் ரசிகனின் சுயசரிதை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆட்டமும் தேதியும் தலைப்பு. அலுப்பையும் எரிச்சலையும் அவர் நன்றாகச் சொல்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1989 மே 26 வந்துவிடுகிறது; ஆன்ஃபீல்டில் கடைசி நிமிஷ கோலில் ஆர்செனல் சாம்பியன் ஆகிறது. அதுவரை பட்டதற்கெல்லாம் வட்டியோடு பட்டுவாடா ஆகிறது. ஃப்ரெடரிக் எக்ஸ்லியின் 'எ ஃபேன்ஸ் நோட்ஸ்' (1968) இதைவிட ஆழமானது, கசப்பானது. அவருடையது அமெரிக்கக் கால்பந்து. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் அதன் நட்சத்திரம் ஃப்ராங்க் கிஃப்ஃபர்டும். ஆனால் அங்கே தோற்பவன் ரசிகன். குடி, மனநல விடுதி, எழுத முடியாமை எல்லாம் அவன் பங்கு. அணி அவன் இழந்த புகழின் பிம்பம் மட்டுமே. இரண்டு புத்தகங்களும் கதையாகின்றன. டெர்பியின் அந்த வருஷம் கதையாக மறுக்கிறது.

இங்கேதான் பி.எஸ். ஜான்சன் எனக்கு உதவுகிறார். 1969இல் வெளிவந்த அவருடைய 'தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்' பெட்டிக்குள் வைத்த நாவல். பைண்டு கிடையாது. 27 பகுதிகள், முதல், கடைசி என்று இரண்டில் மட்டும் குறிப்பு உண்டு. இடையிலுள்ள இருபத்தைந்தையும் கலைத்து, கைக்கு வந்த வரிசையில் படிக்கலாம். ஒரு பத்திரிகை நிருபன் ஒரு கால்பந்தாட்டம் பற்றி எழுத ஓர் ஊருக்கு வருகிறான். புற்றுநோயில் இறந்த நண்பனோடு பழகிய ஊர் அது என்பது ரயிலிலிருந்து இறங்கியபின்தான் உறைக்கிறது. ஆட்டமும் சாவும் கலந்துகிடக்கும் நினைவுகள். அந்த ஊர் நாட்டிங்ஹாம் என்பது ரகசியமல்ல. டெர்பிக்குப் பக்கத்து ஊர், பரம வைரி.

ஜான்சனைப் பெரிய கலைஞர் என்று சொல்லமாட்டேன். பெட்டி ஒரு வித்தை என்று அன்றே சொன்னவர்கள் இருந்தார்கள், பல இடங்களில் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஒன்றை அவர் சரியாகக் கண்டார்: நண்பன் செத்துவிட்டான் என்பது தெரிந்தபின் நினைவுகளுக்கு வரிசை கிடையாது. எது முன், எது பின் என்பது முடிவை மாற்றாது. ஆகவே ஒவ்வொரு தாளும் தனக்காக மட்டும் நிற்கிறது. டெர்பியின் 38 ஆட்டங்களையும் அப்படிக் கலைத்துப் போடுங்கள். முதல் ஆட்டம் போர்ட்ஸ்மத்துடன் சமன், கடைசி ரெடிங்குடன் தோல்வி. இரண்டையும் அந்தந்த இடத்தில் வைத்துவிட்டு மீதியைச் சீட்டுப்போல் கலைக்கலாம். எதுவும் கெடாது. ஜெயிக்கும் அணிக்கு இப்படிச் செய்ய முடியாது. அதற்கு வரிசையே கதை, ஒவ்வொரு ஆட்டமும் அடுத்ததற்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறது. மார்ச் 29க்குப் பிறகு பிரைட் பார்க்கில் உட்கார்ந்திருந்தவன் கதையிலிருந்து விடுதலை பெற்றவன். அவன் முன்னால் இருந்தது ஆட்டம் மட்டுமே.

கதை போனால் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள் என்பதில்லை. மேற்கு பெர்லினில் நேர்மாறாக நடந்திருக்கிறது. 1965இல் பணப்பட்டுவாடா விதிகளை மீறியதற்காக ஹெர்தா அணியை பண்டஸ்லீகாவிலிருந்து இறக்கினார்கள். சுவரால் பிரிந்த நகரத்திலிருந்து ஒரு அணியாவது இருக்க வேண்டும் என்று டாஸ்மானியாவை ஏற்றினார்கள். முதல் ஆட்டத்துக்கு ஒலிம்பிக் மைதானத்தில் 80 ஆயிரம் பேருக்கு மேல். ஜெயிக்கவும் செய்தது. பிறகு தொடர்ந்து 31 ஆட்டங்கள் வெற்றியே இல்லை. 1966 ஜனவரியில் ஒரு நாள் வந்திருந்தவர்கள் 827 பேர். முதல் நாள் கூட்டத்தில் பெரும்பாலோர் டாஸ்மானியாவைப் பார்க்க வந்தவர்களல்ல, பண்டஸ்லீகாவைப் பார்க்க வந்தவர்கள். தரம் தேடி வந்தவர்கள், தரம் இல்லையென்றதும் போனார்கள். நம் விமர்சனத்தின் இலட்சிய வாசகர்கள்! எனக்கு அந்த 827 பேரிடம்தான் பேச வேண்டும் போலிருக்கிறது. 1973இல் அந்தக் கிளப் திவாலாகி, புதுப் பெயரில் மறுபடி தொடங்கியது. 2021 ஜனவரியில் ஷால்கே அணி முப்பது ஆட்டங்கள் ஜெயிக்காமல் வந்து 31ஐ நெருங்கியபோது டாஸ்மானியாக்காரர்கள் கவலைப்பட்டார்கள். ஷால்கே ஹோஃபன்ஹைமை 4–0 என்று ஜெயித்து அவர்களுடைய சாதனையைக் காப்பாற்றிக் கொடுத்தது. சிரிக்கலாம். ஆனால் தன் தோல்வியைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடுகிறவனை மயங்கிக் கிடப்பவன் என்று சொல்ல முடியுமா?

தோற்கும் அணியின் ரசிகனோடு பத்து நிமிஷம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவனைப்போல் ஈவிரக்கமற்ற விமர்சகன் கிடையாது. எந்தப் பின்களக்காரன் ஒரு எட்டு தாமதமாக முன்னேறுகிறான், எவன் பந்து வருமுன்பே தலையைக் குனிந்துகொள்கிறான், யாருக்கு இடதுகால் அலங்காரத்துக்கு மட்டும் என்றெல்லாம் அவன் சொல்லும் துல்லியம் ஜெயிக்கும் அணியின் ரசிகனிடம் இருக்காது. அவனுக்குத் தேவைப்படுவதும் இல்லை. தரம் அறிந்தவன், தரம் இல்லை என்றும் அறிந்தவன், எழுந்து போகாதவன். எழுந்து போனவனுக்கு இந்த அறிவு கிடைக்காது. மதிப்பீடு என்பது வெளியேறுவதற்கான அனுமதிச் சீட்டு என்று நாம் எப்போது முடிவு செய்தோம்?

பொதுவாகச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு மூத்த கவிஞரின் மூன்றாவது தொகுப்பைப் பற்றி எழுதினேன். முதல் தொகுப்பால் என்னைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர் அவர். மூன்றாவது மோசம். மோசம் என்று எழுதியதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை, அதிலுள்ள உதாரணங்கள் ஒவ்வொன்றுக்கும் இப்போதும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் கடைசிப் பத்தியில், இனி இவரை வாசிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை என்று ஒரு வரி எழுதினேன். நண்பர்கள் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள். சொன்னபடி வாசிக்கவும் இல்லை. நான்காவது தொகுப்பை அவரே கையெழுத்திட்டு அனுப்பினார். அதை எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை.

2008 மே 11, கடைசி நாள். பிரைட் பார்க்குக்கு வந்த ரெடிங்கும் இறங்கும் விளிம்பில் நின்ற அணி. நான்கு கோல்கள் போட்டார்கள், நன்றாகவே ஆடினார்கள். அதே வேளையில் போர்ட்ஸ்மத்தில் ஃபுல்ஹாம் ஜெயித்துவிட்டது. புள்ளிகள் சமம், கோல் வித்தியாசத்தில் ரெடிங் இறங்கியது. மைதானத்தில் அப்போது இருந்தவை இறங்கிய இரண்டு அணிகள். ஒன்று அன்றைக்கு 4–0 என்று ஜெயித்தது. அதன் ஆதரவாளர்கள் ஒரு மூலையில் சேதிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, மற்ற மூன்று பக்கமும் டெர்பிக்காரர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லாதவர்கள், கடைசி நிமிஷம்வரை பந்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கவிஞருக்கு ஐந்தாவது தொகுப்பும் வந்திருப்பதாகக் கேள்வி. இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. யாரிடமாவது பிரதி இருந்தால், நான்காவதும் இருந்தால், பத்திரிகை முகவரிக்கு அனுப்பவும். தபால் செலவைத் தந்துவிடுகிறேன்.