சிங்கனின் வலையும் ஒரே டம்ளரும்

ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்றில் போய்வரும் ஊழியக்காரர் ஒருவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். வாரநாட்களில் காண்டிராக்டில் வெல்டிங் வேலை. அவர் 'சபை' என்று சொல்வதில் ஒன்று மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே. இன்னொன்று திருவொற்றியூரில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. மூன்றாவது கத்திவாக்கத்தில் ஒரு அக்கா வீட்டுத் திண்ணை. எந்த இடத்திலும் இருபது பேரைத் தாண்டாது, அதிலும் பெண்களே அதிகம். "இன்னா பாஸ்டர், இன்னிக்கும் லேட்டா?" என்பதுதான் வரவேற்பு.

எனக்கு விசுவாசம் கிடையாது. பேச்சு எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் கூடப் போனேன். பிரசங்கம் சுமார்தான். ஆனால் நடுவில் ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தார். பல்லவி வரை ஒழுங்கான ராகம். சரணத்துக்கு வந்ததும் டேம்பரின் தட்டு மாறி, பாட்டு கானாவின் நடைக்குப் போய்விட்டது. யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. முடிந்தபிறகு யார் பாட்டு என்று கேட்டேன். "பழைய பாட்டு சார். எங்க ஆயா பாடும்" என்றார்.

அது தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டு. (மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு ஆள். எங்கள் எம்.ஏ. வகுப்பிலேயே இந்தக் குழப்பம் நடந்தது. 'கிறித்தவர் தமிழ்த்தொண்டு' என்ற ஒற்றைப் பாடத்தில் வீரமாமுனிவரும் கிருஷ்ண பிள்ளையும் போக மிஞ்சிய அரைப்பக்கத்தில் இரண்டு பேரையும் முடித்துவிட்டார்கள்.) சாஸ்திரியார் 1774-இல் பாளையங்கோட்டையில் வெள்ளாளக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வளர்த்தார். பின்னாளில் ராஜாவான சரபோஜிக்கும் சுவார்ட்ஸ்தான் ஆசிரியர். அந்தச் சிநேகம் கடைசிவரை நீடித்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்துகொண்டே சபை சபையாகப் போய்ப் பாடிப் பிரசங்கம் செய்தவர் சாஸ்திரியார். சென்னை வேப்பேரி சபையிலும் பாடியிருக்கிறார். கதாகாலட்சேபத்தின் வடிவத்தை அப்படியே எடுத்து, புராணம் இருந்த இடத்தில் வேதாகமத்தை வைத்தார். கும்மி, தாலாட்டு, குறவஞ்சி என்று சனங்களுக்குத் தெரிந்த எந்த வடிவத்தையும் அவர் விடவில்லை. தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போகும் கிறிஸ்தவப் பிரசங்கி என்ற உருவத்துக்கு முழுமையான இலக்கியத் தடயம் வேண்டுமென்றால் அவரிடம்தான் போகவேண்டும்.

பிரச்சினையும் அவரிடம்தான் தொடங்குகிறது.

1820-களில் தஞ்சாவூருக்கு வந்த புதிய தலைமுறை மிஷனரிகளோடு அவருக்கு மோதல் வந்தது. அவர்கள் செய்தவற்றில் நான்கைக் கொடுமைகள் என்று அவர் பட்டியலிட்டார். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் பூவைத் தடுத்தார்கள். ஆராதனையிலிருந்து தமிழ்ச் சங்கீதத்தை எடுத்தார்கள். நான்காவது, சபைக்குள் சாதிகளைக் கலக்கச் சொன்னார்கள். 1829-இல் சாதியாசாரத்துக்கு ஆதரவாக அவர் எழுதினார். அதே வருடம் ஹாப்ரோ என்ற மிஷனரி அவரை வேலையிலிருந்து நீக்கினார். அடுத்து அவருக்கு இடம் கொடுத்தது சரபோஜியின் அரண்மனை.

இந்தப் பட்டியலை இன்று இரண்டு வகையாகப் படிக்கிறார்கள். இறையியல் கல்லூரிக்காரர்கள் முதல் மூன்றை எடுத்துக்கொண்டு அவரைப் பண்பாட்டேற்பின் முன்னோடி ஆக்குகிறார்கள். நான்காவதை 'அக்காலச் சூழல்' என்று ஒரு அடிக்குறிப்பில் அடக்கிவிடுகிறார்கள். நம்முடைய பக்கத்தில், காலனியப் பண்பாட்டு ஆதிக்கத்தை எதிர்த்த சுதேசிக் குரல் என்று பேசுகிறவர்கள் உண்டு. மண்சார்ந்த அறிவு, பின்காலனியம் போன்ற வார்த்தைகள் கையில் கிடைத்த பிறகு இந்த வாசிப்பு ரொம்பச் சுலபமாகிவிட்டது. இரண்டு தரப்பும் ஒரே காரியத்தைச் செய்கின்றன: பூவையும் பாட்டையும் கிண்ணத்திலிருந்து பிரிக்கின்றன. சாஸ்திரியார் பிரிக்கவில்லை. அவர் பிரதியில் நான்கும் ஒரே கட்டு. பூ எப்படி நம்முடைய வழக்கமோ, தனித்தனிப் பாயில் உட்காருவதும் அப்படியே நம்முடைய வழக்கம். இந்த 'நாம்' யார் என்ற கேள்வியைக் கேட்காமல் அவருடைய சுதேசியத்தைக் கொண்டாட முடியாது.

கிண்ணம் என்றேன். திருவிருந்தில் திராட்சரசக் கிண்ணம் ஒன்றுதான். கை மாறி, வாய் மாறிப் போகவேண்டியது. தரங்கம்பாடி, தஞ்சாவூர் வழிவந்த சபைகளில் வெள்ளாளர் ஒருபக்கம், பறையர் ஒருபக்கம் உட்கார்ந்தார்கள். கிண்ணம் முதலில் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சுவார்ட்ஸ் காலத்தில் இது சகித்துக்கொள்ளப்பட்டது. சாஸ்திரியாரின் வாதம், சாதி உலக ஒழுங்கு, விசுவாசத்துக்கு அது குறுக்கே நிற்பதில்லை என்பது. நிஜமாகவே பக்தியுள்ள, பரலோகத்தில் எல்லாரும் ஒன்று என்று நம்பிய மனிதரின் வாதம் இது. கபடதாரி என்றிருந்தால் நமக்கு வேலை மிச்சம்.

இப்போது 'பெத்லகேம் குறவஞ்சி'யை (1800) இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குறவஞ்சியின் அமைப்பு நமக்குத் தெரிந்ததே: தலைவனை நினைத்து ஏங்கும் தலைவி, மலையிலிருந்து குறி சொல்ல வரும் குறத்தி, பறவை பிடித்துக்கொண்டே அவளைத் தேடிவரும் சிங்கன். சாஸ்திரியாரிடம் தலைவன் கிறிஸ்து. தேவமோகினி அவருக்காக ஏங்கும் சபை. குறத்திதான் விசுவாசம். சிங்கன் உபதேசி, அவன் வலையில் விழும் பறவைகள் ஆத்துமாக்கள். கோப்பர்நிக்கஸின் வானசாஸ்திரத்தைக்கூட இடையில் கொண்டுவந்துவிடுகிறார். அவருடைய தைரியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது சிங்கன்தான். சுவிசேஷத்தில் பேதுரு மீன் பிடிக்கிறவர். பேதுருவின் தமிழ்ப் பெயர்தான் ராயப்பர். படகோட்டிகள் தங்கள் காசில் அவருக்குக் கோயில் கட்டிய ஊர்தான் ராயபுரம். மீனவனை மனுஷரைப் பிடிக்கிறவனாக ஆக்கிய அந்தப் பழைய உருவகத்தைச் சாஸ்திரியார் தமிழ் இலக்கிய மரபுக்குக் கொண்டுவரும்போது வலை குறவன் கைக்குப் போகிறது. அதாவது ஊர் ஊராகப் போகும் பிரசங்கிக்கு, தனக்கே, அவர் தேடிப்பிடித்த உருவம் ஊருக்குள் வீடில்லாத, மலையிலிருந்து இறங்கிவருகிற, யார் வீட்டு வாசலிலும் நிற்கக்கூடிய குறவன். தலைவியின் கையைத் தொட்டுக் குறி சொல்லும் உரிமை குறத்திக்கு உண்டு. விசுவாசமே ஒரு குறத்தியாக வந்து கையைப் பிடிக்கிறது. பிரதிக்குள் இவ்வளவும் நடக்கும். இருபத்தொன்பது வருடம் கழித்து, நிஜமான குறவனும் பறையனும் வாய் வைத்த கிண்ணம் என்றதும் அதே கை இன்னொரு பிரதியை எழுதுகிறது.

இதை வெறும் முரண்பாடு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. குறவஞ்சி என்ற வடிவமே இந்த ஏற்பாட்டின்மேல்தான் நிற்கிறது. குறவனும் குறத்தியும் மேடையில் வரலாம், ஆடலாம், சிரிக்க வைக்கலாம், தலைவனைப் பற்றிய சேதி சொல்லலாம், பரிசு வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பிவிட வேண்டும். சரபோஜியைத் தலைவனாக வைத்துச் சிவக்கொழுந்து தேசிகர் எழுதிய குறவஞ்சியிலும் இதுவே நடக்கிறது. விளிம்பில் இருப்பவனின் நடமாட்டம் இலக்கியத்துக்கு வேண்டும், அவன் பந்தியில் உட்காருவது வேண்டாம். சாஸ்திரியார் இந்த வடிவத்தைக் கிறிஸ்தவமாக்கினாரா, அல்லது இந்த வடிவம் அவருடைய கிறிஸ்தவத்தைத் தன் வசமாக்கிக்கொண்டதா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன்.

சரி, மிஷனரிகள்? அவர்களை விமோசகர்களாக்கும் அவசரமும் எனக்கில்லை. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைகளுக்கு அனுப்பிய நிருபம் சாதி வேற்றுமை உடனடியாக, முழுசாக ஒழியவேண்டும் என்றது. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளர் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அது உத்தரவாக, மேலிருந்து வந்தது. பாட்டை எடுத்துவிடு என்று சொன்ன அதே குரலில்தான் பாயைச் சுருட்டு என்றும் சொன்னது. பாட்டு வேண்டும், தனிப் பாய் வேண்டாம் என்று நினைத்த ஒருவர் அன்றைக்குத் தஞ்சாவூர்க் கோயிலில் பின்வரிசையில் இருந்திருப்பார். அவர் பேச்சை நான் எங்கும் படித்ததில்லை. சண்டை மிஷனரிக்கும் வெள்ளாளக் கவிராயருக்கும் இடையில் நடந்ததாகவே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் பின்வரிசை என்ன செய்தது என்பதை ஊகிக்க ஒரு தடயம் இருக்கிறது. மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷன் சாதி விஷயத்தில் மற்றவர்களைவிடக் கறார். 1847-இல் சமபந்தியில் சாப்பிட மறுத்த உபதேசிமாரையே அது வேலையிலிருந்து நிறுத்தியது. அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர்தான் 1853-இல் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சேர்த்து ஆராதனைக்கான பாட்டுப் புத்தகமாக வெளியிட்டார். சாதிக்கு ஆதரவாக எழுதிய ஆளின் பாட்டு, சாதியை வெளியேற்றிய சபையின் வாய்க்கு வந்தது. அந்தக் கட்டு அவிழ்ந்தது இங்கேதான். மிஷனரியின் தாராளத்தால் மட்டும் அவிழ்ந்தது என்று நான் நம்பவில்லை. சனங்கள் பாடாமல் ஒரு பாட்டுப் புத்தகம் இவ்வளவு காலம் நிற்காது.

பரட்டை என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு (2005-இல் மறைந்தார்) இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு, கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனையே மேல்சாதி வடிவம், அதைப் பாடும்போது தலித் தன்னைத்தானே கீழே வைத்துக்கொள்கிறான் என்று வாதாடியவர். கிராமிய மெட்டில் ஒரு வழிபாட்டையே அமைத்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவது அவர் இறையியலின் மையம். இந்த விமர்சனம் இல்லாவிட்டால் நாம் சாஸ்திரியாரைச் சரியாகப் படித்திருக்கவே மாட்டோம். குறவஞ்சி பற்றி மேலே நான் சொன்னதும் அவர் காட்டிய வழியில் வந்ததுதான். ஆனாலும் வடிவம் தன் சாதியை என்றென்றைக்கும் சுமந்துகொண்டிருக்கும் என்பதைக் கத்திவாக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவனால் முழுசாக ஏற்க முடியவில்லை. சரணத்தில் தாளத்தை மாற்றியது யார்? எந்தக் கல்லூரியும் அல்ல. சாவு வீட்டில் கானா கேட்டு வளர்ந்த காது, தனக்குத் தேவையானபடி மடக்கிக்கொண்டது. ராகத்தைப் பிழையாகப் பாடுகிறார்கள் என்று ஒரு பெரிய கோயிலின் பாடகர் குழுக்காரர் என்னிடம் வருத்தப்பட்டார். பிழைதான். அந்தப் பிழையில்தான் எனக்கு ஆர்வம்.

இன்னொரு விஷயம் உண்டு. அந்தத் திண்ணையில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு இரண்டு பெயர். சபையில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. 1950-ஆம் வருடத்து ஜனாதிபதி ஆணையின்படி இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியில் இருக்க முடியாது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்பது அரசாங்கத்தின் வாதம்! சபைக்குள் சாதி இருக்கலாம் என்பதற்கு 1829-இல் ஒரு கவிராயர் நியாயம் எழுதினார். அந்தச் சாதியால் அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம், உங்களுக்குச் சாதியே இல்லை, சலுகையும் இல்லை என்கிறது சட்டம். ஆகவே பாஸ்டரிடம் ஞானஸ்நானப் பதிவேடு கிடையாது. "எதுக்கு சார் எய்தி வெச்சுக்கினு? கொயந்தைங்க படிப்பு கெட்டுப்பூடும்" என்றார். ஊர் ஊராகப் போகும் பிரசங்கி ஒருவர் தன் பயணத்தின் பலனைக் கணக்கில் எழுதாமல் மறைக்கவேண்டிய நிலை. எத்தனை பறவை விழுந்தது என்று பெருமையாகச் சொல்லும் சிங்கனுக்கு இந்தக் கஷ்டம் இருந்ததில்லை.

அன்றைக்குத் திருவிருந்து இருந்தது. வசதியான சபைகளில் இப்போது ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் கப். சுகாதாரம் என்கிறார்கள், இருக்கலாம்; தஞ்சாவூர்ச் சண்டைக்கு இப்படி ஒரு தீர்வு அன்றைக்குத் தோன்றாமல் போயிற்று. இங்கே ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். மீன் கூடை தூக்கும் ஆயாவிடமிருந்து கம்பெனிக் கேண்டீனில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு, அவளிடமிருந்து துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அண்ணனுக்கு என்று போனது. யார் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தனித்தனிக் கப் வாங்கவில்லையா என்று பிறகு கேட்டேன்.

"இன்னா சார், வர்றதே பதினாலு பேரு" என்று சொல்லிவிட்டு, அக்கா கழுவித் தந்த டம்ளரைத் துடைத்து பைபிளோடு பையில் வைத்தார்.