எலிசபெத் பிறீக்கின் உருவப்படம்: ஒரு மறுநோக்கு

அமெரிக்காவின் தொடக்ககால உருவப்படங்களை ‘நாட்டார் கலை’ என்னும் ஒரே பெயருள் அடக்கி, பயிற்சியற்ற கைகளின் வெகுளித்தனமான ஆக்கங்களென ஒதுக்கிவிடும் போக்கு ஒன்று உண்டு. ஆழமின்மை, தட்டையான உடல், பொம்மை போன்ற குழந்தை ஆகியனவே அவற்றிற் காணப்படும் குறைகளாகக் கூறப்படுவன. இவை யாவும் பொருந்துவதுபோலத் தோன்றும் ஓவியம், மசாச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் கலைக்கூடத்திலுள்ள எலிசபெத் பிறீக், குழந்தை மேரி ஆகியோரின் உருவப்படமாகும். அதனை நுணுகி நோக்குவார்க்கு அம்முடிபின் அவசரத்தன்மை புலனாகும்.

1671ஆம் ஆண்டளவில் பொஸ்ரன் நகரில் இவ்வோவியம் தொடங்கப்பெற்றது. தீட்டியவர் பெயர் கிடைத்திலது. எலிசபெத்தின் கணவர் ஜோன் பிறீக் ஒரு வணிகர். அவரது உருவமும் இதற்கு இணையாகத் தீட்டப்பட்டது. எலிசபெத்தின் கழுத்தில் மூன்று சரம் முத்துமாலை. தோளில் அகன்ற ரேந்தைக் கழுத்துப்பட்டி. கைகளிற் சிவப்பும் கறுப்புமான நாடாக்கள். பியூரித்தானியர் கருநிற ஆடையன்றி வேறொன்றும் உடுத்தாதவர் என்ற பொதுக் கருத்தை இவ்வுடை மறுக்கின்றது. 1651இல் மசாச்சூசெற்ஸ் குடியேற்றம் இயற்றிய சட்டம், 200 பவுணுக்கு மேற்பட்ட சொத்தில்லாதார் பொன், வெள்ளி ரேந்தை அணிவதைத் தடைசெய்தது. அத்தகைய சமூகத்தில் உடை வெறும் அலங்காரமன்று. அணிபவரின் நிலையை ஊரறியச் செய்யும் சான்றுமாகும். உடலின் திரட்சியிலே கருத்துச் செலுத்தாத ஓவியர், ரேந்தையை இழையிழையாகத் தீட்டியமைக்குக் காரணம் இதுவே. இங்கிலாந்தில் எலிசபெத் அரசியின் காலத்தில் வழங்கிய பழைய உருவப்பட மரபும் உருவத்தின் திரட்சியிலும் உடையின் நுணுக்கத்தையே பெரிதாக மதித்தது. ஆகவே இங்கு காணப்படுவது அறியாமையன்று. ஒரு மரபின் தொடர்ச்சியாகும்.

குழந்தையைப் பற்றிய குறையும் ஆராயற்பாலது. எக்ஸ் கதிர் ஆய்வு, முதலில் எலிசபெத் தனித்தே அமர்ந்திருந்தார் என்பதையும், அவர் கைகள் மடியிற் கிடந்தன என்பதையும் வெளிப்படுத்தியது. 1674இல் மேரி பிறந்தபின், கைகளின் நிலை மாற்றப்பட்டுக் குழந்தை சேர்க்கப்பட்டது. அதன் வயது ஆறு மாதம் எனப் படத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. முற்றுப்பெற்ற அமைப்பொன்றினுள் இன்னொரு உயிரைப் புகுத்துவது எளிதன்று. மடிமீது விறைத்து நிற்கும் குழந்தையின் தோற்றத்திற்கு ஓவியரின் இயலாமையை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. செல்வக் குடிப்பெண்ணாக முன்னர் நிறுத்தப்பட்டவர், இம்மாற்றத்தின் வழியே தாயாகவும் நிறுத்தப்படுகின்றார்.

இதனால் ஓவியம் குறையற்றது என்றாகாது. உடையைப் பற்றி இத்துணை பேசும் அது, அப்பெண்ணின் உள்ளத்தைப் பற்றி யாதும் கூறவில்லை. எலிசபெத்தின் பார்வை குழந்தையை நோக்காது வெளியே காண்போரை நோக்குகின்றது. தாய்மையும் முத்துமாலைபோற் காட்சிப்படுத்தப்படும் ஓர் உடைமையாகிவிடுகின்றது. இதுவே இவ்வோவியத்தின் மெய்யான வரம்பாகும், தட்டையான உடலன்று. 1675இல், பொஸ்ரன் துறைமுகத்துக் கப்பலொன்றில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஜோன் மாண்டார். படம் பறைசாற்றிய குடும்ப நிறைவு ஓராண்டுகூட நிலைக்கவில்லை.

‘நாட்டார்’ என்ற சொல் ஒரு படைப்பு தோன்றிய சூழலை உணர்த்துமாயின் பயனுடையது. படைத்தவனின் தீர்மானங்களை மறைக்குமாயின் அது விமர்சனமாகாது. திருத்தப்பட்ட இக்கைகள், குறை கூறுமுன் காரணம் தேடவேண்டிய கடமையை விமர்சகனுக்கு உணர்த்துகின்றன.