கூழும் மயில்துத்தமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும். மலையின் கிழக்கே இறங்கி ஆத்தூர்ப் பக்கம் போனால் வழியெல்லாம் குச்சிக்கிழங்கு. புத்தகத் தமிழில் மரவள்ளி. அந்தக் கிழங்கு ஜவ்வரிசியாகிப் பாயசத்துக்குப் போவதும், 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் வழியாக ஏலம் போவதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அதே கிழங்கின் ஸ்டார்ச் அட்டைப்பெட்டித் தொழிலுக்கும் போகிறது. மூணு பிளை பெட்டியில் இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே நெளிந்தோடும் தாளைப் பிடித்து வைத்திருப்பது மாவுப் பசைதான். சேர்வராயன் மலையடிவாரத்தில் நின்றுகொண்டு காகிதக் கலையைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

மேற்கத்திய நூல்கள் இந்தக் கதையை 1912-இல், பிக்காசோ அட்டையை வெட்டிக் கயிறும் கம்பியும் சேர்த்துச் செய்த கிதாரிலிருந்து தொடங்கும். அதை விடுவோம். நமக்கு வேண்டியது 1975-இல் அகமதாபாத்தில் நடந்தது. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க் 1971 முதலே பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, அச்சும் லேபிளும் ஸ்டேப்பிள் பின்னும் இருந்தபடியே சுவரில் மாட்டிக்கொண்டிருந்தவர். சாராபாய் குடும்பத்தின் ஏற்பாட்டில் அகமதாபாத்துக்கு வந்து, காந்தி ஆசிரமத்துக் காகித ஆலையில் உள்ளூர்த் தொழிலாளிகளோடு வேலை செய்தார். ‘போன்ஸ்’, ‘யூனியன்ஸ்’ என்ற இரண்டு வரிசைகள் பிறந்தன. இரண்டாவது வரிசைக்கு அவர் பயன்படுத்திய கலவையின் சேர்மானம் பதிவாகியிருக்கிறது: காகிதக் கூழ், வெந்தயப் பொடி, அரைத்த புளியங்கொட்டை, சுண்ணாம்புத் தூள், கோந்து, மயில்துத்தம், தண்ணீர்.

இந்தப் பட்டியலைத் தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை செய்கிற ஒருவரிடம் வாசித்துக் காட்டினால் பெரிதாக வியக்கமாட்டார். காகிதக் கூழோடு மரவள்ளி மாவையும் மயில்துத்தத்தையும் சேர்த்துக் காய்ச்சுவது அவர் வீட்டுப் பழக்கம். கூழ் உடம்பைத் தரும். மாவு இறுக்கிப் பிடிக்கும். மயில்துத்தம் பூச்சியை அண்டவிடாது. அச்சில் வார்த்து, வெயிலில் உலர்த்தி, இரண்டு பாதியையும் ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வண்ணம் பூசுவார்கள். நாட்டியப் பொம்மையென்றால் பாவாடை, உடல், தலை ஒவ்வொன்றும் தனித்தனி. கம்பி முனையில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தாங்கவிட்டால் காற்றுப் பட்டதும் இடுப்பசையும். பண்ருட்டியின் கொலுப் பொம்மைகளிலும் காகிதக் கூழ் உண்டு. எடை குறைவு, பரணில் ஏற்றி இறக்க வசதி.

ஆக, பொருள் ஏறக்குறைய ஒன்றே. பிறகு ஒன்று அருங்காட்சியகத்துக்கும் மற்றொன்று பூம்புகார் கடைக்கும் போனது ஏன்? பெயரும் பணமும் காரணம் என்று சொல்லிவிடலாம், பாதி உண்மை. மறுபாதி கலைஞரின் முடிவில் இருக்கிறது. நம் கைவினை கூழை மறைக்கிறது. பளபளக்கும் எனாமலுக்கு அடியில் இருப்பது காகிதம் என்று தெரியாமலிருப்பதே பொம்மைக்காரரின் திறமை. ராஷன்பெர்க் கூழின் சொரசொரப்பை, மண் நிறத்தை அப்படியே விட்டுவிட்டார். காகிதத்தைக் காகிதமாகவே பேசவிடுவதுதான் இந்தத் துறையின் முதல் அடி என்பது என் கணிப்பு.

அந்த அடியை அவருக்கு முன்பே இந்தியாவில் எடுத்து வைத்தவர் சோம்நாத் ஹோர். 1921-இல் சிட்டகாங் பகுதியில் பிறந்தவர், 1943-இன் வங்கப் பஞ்சத்தை நேரில் பார்த்து வரைந்தவர். 1970-களில் சாந்திநிகேதனில் ‘காயங்கள்’ வரிசையைச் செய்தார். களிமண் பலகையைக் கத்தியால் கீறி, குத்தி, அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, அதன்மேல் காகிதக் கூழை அழுத்தி எடுத்தவை அவை. வெள்ளைத் தாளில் வெள்ளைத் தழும்பு. சிலவற்றில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. உருவம் இல்லை, முகம் இல்லை. இந்திய நவீனக் கலையில் காகிதத்தால் செய்யப்பட்டவற்றுள் இதற்கு மேல் ஒன்றை நான் வைக்கமாட்டேன்.

அடுத்த இடம் சரீனாவுக்கு. அலிகரில் 1937-இல் பிறந்து, கணிதம் படித்து, பாரிஸில் அச்சுக்கலை பயின்று, நியூயார்க்கில் வாழ்ந்து, 2020-இல் லண்டனில் மறைந்தவர். பிரிவினைக்குப் பின் குடும்பம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அவருக்குத் திரும்பிப் போக வீடில்லை. 1999-இல் செய்த ‘வீடு ஓர் அந்நிய இடம்’ 36 மரச்செதுக்கு அச்சுகளைக் கொண்டது, ஒவ்வொன்றுக்கும் ஓர் உருதுச் சொல். கூழில் நிறமியைக் கலந்து வார்த்த சிற்பங்களும் செய்திருக்கிறார். பெங்களூரின் ரவிகுமார் காசி, கூழைக் கோடாக இழுத்து வலைபோல் தொங்கவிடுகிறவர். காகிதம் செய்யும் நுட்பத்தை அவர் கிளாஸ்கோவிலும் கொரியாவிலும் போய்ப் படித்தார் என்பது அவர் குறையன்று, நம் ஓவியக் கல்லூரிகளின் குறை.

தமிழில் இந்தத் துறையின் முக்கியமான வேலை யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் வழியாக நடந்திருக்கிறது. முதலில் ‘ஓராண்டு ஓவியத் திட்டம்’: 2005 முதல் 2007 வரை, போர் மறுபடி மூண்ட காலத்தில், தா. சனாதனன், முஹனத் காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய நால்வரும் ஒருவர் வரைந்ததைத் தபாலில் மற்றவருக்கு அனுப்ப, அவர் அதற்கு இன்னொரு ஓவியத்தால் பதில் எழுத, 208 ஓவியங்கள் சேர்ந்தன. 2008-இல் அதை நூலாக்கியது ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம். அதே பதிப்பகம் 2011-இல் கொண்டுவந்தது சனாதனனின் ‘முடிவுறாத் தோம்பு’. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரில் இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து தரைப்படமாகப் போட்டுக் கொடுத்தார்கள்: கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எந்த மூலையில். அந்தக் கைக்கோட்டுப் படத்தோடு கட்டடக்கலை வரைபடம் ஒன்றும் சனாதனனின் பேஸ்டல் ஓவியம் ஒன்றும் சேர்ந்துவரும். உறுதிப்பத்திரம் தொலைந்தவர்களுக்கு இது ஒரு பத்திரம். காகிதம் இல்லாதவன் காணியில்லாதவன் என்று நடக்கும் நாட்டில் இதை வேறு எந்த ஊடகத்தில் செய்திருக்க முடியும்?

சென்னையில் தாரா புக்ஸ் கையால் செய்த தாளில், பட்டுத்திரை அச்சில், கையாலேயே தைத்து நூல்கள் செய்கிறது. 2006-இல் வந்த ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ கறுப்புத் தாளில் கோண்டு ஓவியர்கள் வரைந்தது. 2008-இல் பொலோன்யா விருது பெற்றது. கையில் எடுத்தால் மையின் வாசனை அடிக்கும், தாளின் நார் விரலில் தட்டும்.

இந்த வரிசைக்கு வெளியே நிறுத்த வேண்டியதும் ஒன்றுண்டு. ‘குப்பையிலிருந்து கலை’ என்ற பெயரில் பள்ளி விழா முதல் பெருநகர மால் வரை நிற்கும் அட்டை யானைகள், செய்தித்தாள் மயில்கள். அவற்றில் உழைப்பு இருக்கிறது, எண்ணமும் நல்லதுதான். ஆனால் எதைச் செய்தாலும் செய்தி ஒன்றே: இது குப்பையாக இருந்தது, பாருங்கள். பெட்டி எந்த ஊர் முகவரியைச் சுமந்து வந்தது, எத்தனை கைமாறியது என்பதெல்லாம் வண்ணத்துக்கு அடியில் போய்விடுகிறது.

காகிதக் கலை நிலைக்குமா என்று கேட்பவர்களுக்கு, தாளைப் பொறுத்தது என்பதுதான் பதில். செய்தித்தாளில் லிக்னின் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் பழுப்பேறி நொறுங்கும். புதுச்சேரியில் 1959 முதல் இயங்கும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடத்தில் செய்வதுபோலப் பருத்தித் துண்டிலிருந்து எடுத்த தாள் தலைமுறைகளைத் தாண்டும். ஏற்காட்டு மழைக்காலத்தில் எந்தத் தாளும் ஈரம் குடித்து உப்பும், பூஞ்சையும் இராமபாணமும் பின்னாலேயே வரும். மே மாதத்தில் அந்தத் தொல்லை குறைவு.

அந்த மே மாதத்தில்தான் கோடை விழா நடக்கிறது. சேலம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம். மலர்க் கண்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தை ஒதுக்கி, தஞ்சாவூர்ப் பொம்மைக்காரர் ஒருவரையும் சென்னை ஓவியக் கல்லூரி மாணவர்கள் சிலரையும் ஒரே கூழ்த் தொட்டியில் வேலை செய்ய விடுங்கள். மாவு ஆத்தூரிலிருந்து வரட்டும், பழைய பெட்டி சேலம் கடைவீதியிலிருந்து. பொம்மைக்காரருக்கும் மாணவர்களுக்கும் நாள்கூலி கொடுத்துவிடுங்கள். வெறும் சான்றிதழோடு அனுப்ப வேண்டாம்.