புள்ளி கூடினால் பிழை குறையுமா?

கி.பி. 665இல் பிரம்மகுப்தர் எழுதிய ‘கண்டகாத்யக’த்தின் சைன் பட்டியல் மிகச் சிறியது. ஆரம் 150; பதினைந்து பாகைக்கு ஒரு மதிப்பு; அடுத்தடுத்த மதிப்புகளின் வேறுபாடுகள் 39, 36, 31, 24, 15, 5. கோள்நிலை கணிப்பவருக்கு இடைப்பட்ட கோணங்களும் வேண்டுமே! அதற்காக, வேறுபாடுகள் எப்படிக் குறைகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளும் இரண்டாம் படி விதியொன்றை அவர் தந்தார். 20 பாகைக்கு நேர்க்கோட்டுக் கணக்கு தருவது 51. அவருடைய விதி தருவது 51.33. உண்மை மதிப்பு 51.30.

தெரிந்த மதிப்புகளைக் கொண்டு தெரியாத இடைமதிப்பைக் காணும் இந்த இடைச்செருகல் கலையை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நியூட்டன் பொதுமைப்படுத்தினார். 1687இல் வெளிவந்த ‘பிரின்சிபியா’வில் வால்மீனின் பாதையைக் கணிக்கவே அவருக்கு இது தேவைப்பட்டது. இன்று தம் பெயரால் வழங்கும் இடைச்செருகல் சூத்திரத்தை லக்ராஞ்சி 1795இல் தந்தார். ஆனால் எட்வர்ட் வாரிங் 1779இலேயே அதை வெளியிட்டுவிட்டார். பதினொரு புள்ளிகள் கொடுத்தால், அவை அனைத்தின் வழியாகவும் செல்லும், படி பத்தைத் தாண்டாத பல்லுறுப்புக் கோவை ஒன்றே ஒன்றுதான் உண்டு.

அப்படியானால் புள்ளிகளைக் கூட்டக் கூட்டப் பிழை குறைய வேண்டுமல்லவா?

குறையாது என்று 1901இல் காட்டினார் ஜெர்மானியரான கார்ல் ரூங்கே. அவர் ஆராய்ந்த வகையைச் சேர்ந்ததே 1/(1+25x²) என்ற எளிய சார்பு. −1 முதல் 1 வரை அதன் வரைபடம் வழவழப்பான ஒரு மேடு. மதிப்பு எங்கும் 1ஐத் தாண்டாது. சம இடைவெளியில் 11 புள்ளிகள் எடுத்தால் மிகப்பெரிய பிழை ஏறத்தாழ 1.9. புள்ளிகளை 21 ஆக்கினால் பிழை 60ஐ நெருங்குகிறது! நடுவில் சார்போடு ஒட்டிச் செல்லும் கோவை, இரு முனைகளிலும் தறிகெட்டு ஆடுகிறது.

மருந்து, புள்ளிகளை வைக்கும் இடத்தில் இருக்கிறது. அரைவட்டத்தின் வில்லைச் சம பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தின் நடுவிலிருந்தும் விட்டத்துக்குச் செங்குத்து இறக்கினால், புள்ளிகள் முனைகளில் நெருங்கியும் நடுவில் விலகியும் விழும். இவையே ரஷ்யரான செபிஷேவின் பெயர்தாங்கிய புள்ளிகள். அதே சார்புக்கு இம்முறையில் 11 புள்ளிகளில் பிழை சுமார் 0.11, 21 புள்ளிகளில் 0.015.

இதுவும் சர்வரோக நிவாரணி அல்ல. எந்தத் தொடர்ச்சியான சார்பையும் பல்லுறுப்புக் கோவைகளால் விரும்பும் அளவு நெருங்கலாம் என்று 1885இல் வெயர்ஸ்ட்ராஸ் நிறுவியிருந்தார். ஆனால் புள்ளிகளை எப்படி முன்கூட்டியே நிர்ணயித்தாலும், அந்த இடைச்செருகலுக்கு வசப்படாத தொடர்ச்சியான சார்பு ஒன்றாவது இருக்கும் என்பது 1914இல் ஃபாபர் நிறுவிய தேற்றம். இரண்டும் முரணல்ல: நெருங்கும் கோவை எப்போதும் உண்டு, அதைப் பிடித்துத் தரும் நிரந்தரப் புள்ளி வரிசைதான் இல்லை.

படியை ஏற்றாமலே தப்பிக்கும் வழி, 1946இல் ஷோன்பெர்க் கணிதத்துக்குக் கொண்டுவந்த ஸ்பிளைன். கப்பல் வரைவாளர்கள் வளைத்துப் பயன்படுத்திய மெல்லிய மரச்சட்டத்தின் பெயர் அது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே ஒரு முப்படிக் கோவை, இணைப்புகளில் சாய்வும் வளைவும் முறியாத தொடர்ச்சி, அவ்வளவே. முனைகளைச் சரியாகக் கையாண்டால், போதிய வழவழப்புள்ள சார்புக்கு இடைவெளியைப் பாதியாக்கும்போது பிழை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிறது. அளவீடுகள் சம இடைவெளியில்தான் கிடைக்கும் என்ற நிலையில், உயர்படிக் கோவையைவிட ஸ்பிளைனே நம்பத்தக்கது.