கோவர்ட்: ஒற்றர் வேடமிட்ட பகடை ஆட்டம்

கோவர்ட் என்பது கேன் கிளென்கோ வடிவமைத்து, அமெரிக்காவின் ரெனிகேட் கேம் ஸ்டுடியோஸ் 2016இல் வெளியிட்ட பலகை ஆட்டம். இரண்டு முதல் நான்கு பேர் வரை ஆடலாம். களம், பனிப்போர்க் கால ஐரோப்பா. ஒற்றர்களை நகரம் நகரமாக நகர்த்தி, கருவிகளைச் சேர்த்து, சங்கேத எண்களை உடைத்துப் பணிகளை முடிக்க வேண்டும்.

ஆட்டத்தின் உயிர், பகடையை இடத்தில் வைக்கும் முறையில் இருக்கிறது. எல்லோரும் தத்தம் பகடைகளை முதலிலேயே உருட்டிவிடுகிறார்கள். பிறகு முறை வைத்து ஒவ்வொன்றாகப் பலகையில் வைக்கிறார்கள். ஒரு செயலுக்கான பகுதியில் முதல் பகடை எந்த எண்ணாகவும் இருக்கலாம். அடுத்து வருவது, ஏற்கெனவே இருப்பதற்குப் பக்கத்து எண்ணாக இருக்க வேண்டும். அங்கே 4 இருந்தால் அடுத்தவர் 3 அல்லது 5 வைத்திருக்க வேண்டும். என் பகடை எனக்கு வேலை செய்வதோடு, எதிராளிக்கு வழி அடைக்கவும் செய்யும். சில நேரம் அவருக்கே கதவைத் திறந்தும் விடும்.

"தாயம் வெறும் அதிர்ஷ்டம், வெளிநாட்டு ஆட்டம்தான் மூளைக்கு வேலை" என்ற எண்ணம் மாணவர்களிடம் உண்டு. அது பரமபதத்துக்குப் பொருந்தும். அங்கே விழுந்த எண்படி போகிறோம். ஏணியும் பாம்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தாயம் அப்படியில்லை. கம்பம், சின்னமனூர்ப் பக்கத்துத் திண்ணைகளில் கட்டம் கிழித்து ஆடியவர்களுக்கு இது தெரியும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். உருட்டி முடித்த பிறகே எந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறோம். ஐந்தை வைத்து வெட்டுவதா, பின்தங்கிய காயைப் பத்திரமான கட்டத்தில் ஏற்றுவதா, பழமாக்க ஒரு காயைத் தள்ளுவதா? முதலில் விழட்டும், பிறகு யோசிப்போம் என்ற அதே கொள்கைதான் கோவர்ட்டிலும்.

ஆனால் தாயத்தின் குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு பித்தளைக் கட்டைகளிலும் வெற்று, 1, 2, 3 என நான்கு முகங்கள். மொத்தம் 16 சேர்க்கைகள். தாயம் விழுவது அவற்றில் 2, அதாவது எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலான வாய்ப்பு இருக்கிறது. அதுவரை காயை இறக்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். (ஐந்துக்கும் இறக்கலாம் என்று சில வீடுகளில் தளர்த்திக்கொள்வார்கள்.) கோவர்ட்டில் 'கெட்ட எண்' என்று ஒன்று கிடையாது, 1ஆனாலும் 6ஆனாலும் அதற்கேற்ற இடம் பார்ப்பதே வேலை. இந்த வகையில் அது தாயத்தைவிட ஒரு படி மேல்.

ஒற்று என்ற கருவில்தான் ஆட்டம் சறுக்குகிறது. திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல், ஐயுறாத தோற்றத்தை ஒற்றனுக்கு முதல் தகுதிகளில் வைக்கிறது. ஒருவன் கொண்டுவந்த செய்தியை வேறொருவனைக் கொண்டு சரிபார்க்கவும், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதபடி வைக்கவும் சொல்கிறது. மறைவும் ஐயமுமே அந்தத் தொழில். கோவர்ட்டிலோ பகடைகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றன, ஒற்றன் எந்த ஊரில் நிற்கிறான் என்பதும் தெரிகிறது. கையில் உள்ள அட்டைகள் மட்டும்தான் மறைவு. பொய்த் தகவலும் இல்லை, அதைச் சோதிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒற்றர்களை எடுத்துவிட்டு ஏலக்காய் வியாபாரிகளை வைத்து, ஐரோப்பாவுக்குப் பதில் போடி, குமுளி, உத்தமபாளையம் என்று எழுதினாலும் பெரும்பாலான விதிகள் அப்படியே ஓடும்.

ஸ்ட்ராட்டேகோ என்ற பழைய ஆட்டத்தில் பகடையே கிடையாது. ஆனாலும் ஒற்றனின் இயல்பு அதில் தெளிவாக இருக்கிறது. எதிராளியின் காய்களின் முகம் நமக்குத் தெரியாது. ஒற்றன் யார் தாக்கினாலும் வீழ்ந்துவிடுவான். ஆனால் அவனாகத் தாக்கினால் தலைமைத் தளபதியையே வீழ்த்துவான்.

கோவர்ட்டை வாங்க நினைப்பவர்களுக்கு: அட்டைகளில் ஆங்கிலம் உண்டு, சிறு பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இருவர் ஆடும்போது பகடைகள் குறைவு, வழி அடைக்கும் சுவையும் குறைவு. மூவர் அல்லது நால்வர் கூடினால் எடுங்கள்.